பிஞ்சிலே பழுத்த முட்டை

கருவின் கதை: 17

காசிமேட்டில் விடிகாலை மூன்று மணிக்கே ஐஸ் உடைக்கும் மெஷின் கத்த ஆரம்பித்துவிடும். ஐஸ் பாளத்தை இரும்புக் கொக்கியால் தரதரவென்று இழுத்துவந்து மெஷின் வாயில் தள்ளுவார்கள். மறுபக்கம் பொடியாகக் கொட்டும். வஞ்சிரமோ சங்கராவோ இறாலோ, கரைக்கு வந்தது எதுவானாலும் முதலில் அதன் தலையில் இரண்டு கூடை ஐஸ் விழ வேண்டும். ஏலம், பேரம், சண்டை எல்லாம் அதற்குப் பிறகுதான். ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு யாரும் சொல்லித்தராமலே ஒன்று தெரியும்: உடம்பிலிருந்து பிரிந்தது கெடக்கூடாது என்றால் குளிரில் வை.

அந்தப் பாடம் எனக்குப் பொய்த்துப்போனது புளியந்தோப்பு ஆடுதொட்டி என்ற கசாப்புக்கூடத்தின் வாசலில். பல வருடங்களுக்கு முன் நடந்தது. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் முதுகலை படித்துக்கொண்டிருந்த தண்டையார்பேட்டைப் பையன் ஒருவன், டீக்கடையில் வைத்திருப்பார்களே அந்த மாதிரி ஒரு பெரிய ஃபிளாஸ்க்கை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தான்.

"இன்னா தம்பி, டீயா?"

"இல்லண்ணா, ஓவரி. ஆட்டு ஓவரி. வெதுவெதுன்னு உப்புத் தண்ணியில போட்டு எடுத்துனு போறேன்."

"நாலு ஐஸ் கட்டி வாங்கிப் போட்டுக்கக் கூடாதா? வெயிலு இந்தக் காய் காயுது."

"ஐயோ, ஐஸா? ஆடு மாடாவது கொஞ்சம் தாங்கும்ணா. பன்னி முட்டையா இருந்தா ஐஸ் பட்டதும் காலி."

சொல்லிவிட்டு பஸ் பிடிக்க ஓடிவிட்டான். எனக்கு அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் காதிலேயே நின்றது. பின்னாளில் தேடிப் படித்தபோதுதான் அவன் சொன்னது எவ்வளவு சரி என்று தெரிந்தது. பன்றியின் கருமுட்டையை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் கருகரு என்று இருக்கும். சுண்டெலியின் முட்டை கண்ணாடி மாதிரி. பன்றியுடையது தார் உருண்டை மாதிரி. காரணம் கொழுப்பு. முட்டை முழுக்கக் கொழுப்புத் துளிகள் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கின்றன. குளிர்ந்தால் அந்தக் கொழுப்பும் செல்லின் சவ்வும் இறுகி, மறுபடி சூடேற்றினாலும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. 15 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனாலே பன்றி முட்டைகள் கூட்டம் கூட்டமாகச் சாகின்றன என்று 1990-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். 1995-இல் ஆஸ்திரேலியாவில் நாகாஷிமா குழுவினர், பன்றிக் கருவின் கொழுப்பைச் சுழற்றி ஒரு பக்கமாக ஒதுக்கி, நுண்ணூசியால் உறிஞ்சி எடுத்துவிட்டுப் பிறகு உறையவைத்துப் பார்த்தார்கள். பிழைத்தது. கொழுப்பைக் குறைத்தால் ஆயுசு கூடும் என்று நம் டாக்டர்கள் சொல்வது பன்றியின் கருவுக்கும் பொருந்திவிட்டது.

சென்ற வாரம் 1978-இல் நின்றிருந்தோம். ஜூலையில் இங்கிலாந்தில் லூயிஸ் பிரவுன், அக்டோபரில் கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகர்ஜியின் துர்கா. அந்த இரண்டு சோதனைக்குழாய்க் குழந்தைகளுக்கும் முட்டை தாயின் உடம்புக்குள்ளேயே பழுத்தது. பழுத்ததை எடுத்து வெளியே கருவாக்கினார்கள், அவ்வளவுதான். பழுக்காத முட்டையை எடுத்துக் கண்ணாடித் தட்டில் பழுக்க வைப்பது வேறு வித்தை. அதற்கான பாடங்களில் பெரும்பகுதியை மனிதனுக்குக் கற்றுக்கொடுத்தது மாடும் பன்றியும். பன்றிதான் கண்டிப்பான வாத்தியார்.

பழுப்பது என்றால் என்ன? ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரியில் இன்று காலை பிறந்த ஒரு பெண் குழந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். (1880-இல் தொடங்கிய ஆஸ்பத்திரி, இந்தத் தொடரை எழுதுகிறவனும் அங்கே பிறந்தவன்தான்.) அந்தக் குழந்தை தன் ஆயுளுக்கான முட்டைகள் அத்தனையும், பத்து இருபது லட்சம், கையோடு கொண்டுவந்திருக்கிறது. ஒவ்வொரு முட்டையும் குரோமோசோம்களைப் பாதியாக்கும் வேலையைத் தொடங்கி, நடுவிலேயே நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறது. பன்னிரண்டு பதின்மூன்று வருடம் கழித்து, மாதம் ஒன்று என்ற கணக்கில், ஹார்மோன் வந்து எழுப்பும்போதுதான் மீதி வேலை நடக்கும். சில முட்டைகள் நாற்பது வருடம்கூடக் காத்திருக்கும். இந்தக் காத்திருப்பு நடப்பது சினைப்பையில் உள்ள ஃபாலிக்கிள் என்ற நீர்க்கொப்புளத்துக்குள்.

இங்கேதான் 1935-இன் முக்கியமான கண்டுபிடிப்பு வருகிறது. ஹார்வர்டில் கிரிகரி பிங்கஸ், என்ஸ்மன் என்ற இருவரும் முயலின் முட்டையை ஃபாலிக்கிளிலிருந்து பிரித்து வெறும் வளர்ப்பு நீரில் விட்டார்கள். ஹார்மோன் எதுவும் சேர்க்கவில்லை. ஆனால் முட்டை தானாகவே விழித்துக்கொண்டு வேலையை ஆரம்பித்துவிட்டது. அதுவரை எல்லோரும் நினைத்திருந்தது, ஃபாலிக்கிள் முட்டையைப் பழுக்க வைக்கிறது என்று. உண்மை தலைகீழ். ஃபாலிக்கிளின் வேலை பிடித்து வைத்திருப்பது. பிடி தளர்ந்தால் முட்டை ஓடிவிடும்.

இதே பிங்கஸ்தான் பிற்பாடு முட்டை வெளிவருவதையே தடுக்கும் கருத்தடை மாத்திரையை உருவாக்கியவர்களில் முதல்வர். 1960-இல் அமெரிக்க அரசு அந்த மாத்திரைக்கு அனுமதி தந்தது. ஃபாலிக்கிள் முட்டையைப் பிடித்து வைத்திருப்பதைப் பார்த்தவர், பெண்கள் கையில் அந்தப் பிடியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆனால் அவர் ஒரு தப்பும் செய்தார். 1939-இல் மனித முட்டை வெளியே பன்னிரண்டு மணி நேரத்தில் பழுத்துவிடும் என்று எழுதினார். பின்னாளில் லூயிஸ் பிரவுன் பிறக்கக் காரணமான ராபர்ட் எட்வர்ட்ஸ் அதை நம்பி, பன்னிரண்டாவது மணியில் எட்டிப் பார்ப்பதும் ஏமாறுவதுமாக நாட்களைத் தொலைத்தார். கடைசியில் பொறுமையாக விட்டுப் பார்த்தபோது, ஏறக்குறைய 25 மணி நேரத்தில்தான் அசைவே தெரிந்தது. முடிய 36 மணி நேரத்துக்கு மேல் ஆனது. 1965-இல் அவர் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே சுண்டெலி, செம்மறி, பசு, பன்றி, ரீசஸ் குரங்கு, மனிதன் என்று ஆறு பேர் வரிசையாக நிற்பார்கள். எலி அவசரக்காரி. பன்றியும் மனுஷியும் நிதானக்காரிகள். பன்றிக்கு இன்றும் 42 முதல் 44 மணி நேரம் கணக்கு வைக்கிறார்கள். ஏறத்தாழ இரண்டு நாள்.

சரி, தானே பழுக்கிறதே, பிறகு என்ன சிக்கல்?

நம் வீடுகளில் வயதுக்கு மீறிப் பேசும் பையனைப் 'பிஞ்சிலே பழுத்தது' என்பார்கள். அதுதான் சிக்கல். மாம்பழ சீசனில் கோயம்பேட்டில் அதிகாரிகள் சோதனை போட்டு, கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைத்த மாம்பழங்களைப் பறிமுதல் செய்கிற செய்தி வருடம் தவறாமல் வரும். தோல் மஞ்சளாக மினுங்கும். அறுத்தால் கொட்டையைச் சுற்றிப் புளிக்கும். வெளியே எடுத்த முட்டையும் அப்படித்தான். முட்டையின் உட்கரு, அதாவது குரோமோசோம் கணக்கு வழக்கு, மளமளவென்று முடிந்துவிடும். ஆனால் உட்கருவைச் சுற்றியுள்ள சைட்டோபிளாசம் இன்னும் காய். கருவாக வளரத் தேவையான சரக்கு அதில் சேர்ந்திருக்காது. அதனால்தான், நல்ல ஆய்வுக்கூடத்தில் பன்றி முட்டைகள் நூறில் எண்பதுகூடப் பழுத்த தோற்றம் காட்டும்; கருத்தரித்து, ஐந்தாறு நாள் வளர்ந்து, பிளாஸ்டோசிஸ்ட் என்ற பந்து நிலைக்கு வருவதோ பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அதிலும் குட்டியாகப் பிறப்பது இன்னும் சொற்பம்.

பன்றி விஷயத்தில் 'பிஞ்சு' என்பது உவமை மட்டுமல்ல. கறிக்காக வெட்டப்படுகிற பன்றி ஆறு மாத வயசு. பெரும்பாலானவை முதல் பருவத்துக்கே வந்திருக்காது. ஆய்வுக்கூடத்துக்குக் கிடைக்கும் சினைப்பைகள் அத்தகைய குட்டிகளுடையவை. பிஞ்சின் முட்டையை, அதுவும் பிடுங்கி எடுத்து, இரண்டு நாளில் பழுக்க வை என்று கேட்கிறோம்.

அந்த இரண்டு நாளைக் கிட்டே போய்ப் பார்த்துவிடுவோம். ஃபிளாஸ்க்கிலிருந்து எடுத்த பன்றிச் சினைப்பை ஒரு சின்ன திராட்சைக் கொத்து மாதிரி இருக்கும், மேலெல்லாம் கொப்புளம் கொப்புளமாக. 3 முதல் 6 மில்லிமீட்டர் வரையுள்ள கொப்புளங்களை மட்டும் பார்த்து, தடித்த 18-ஆம் நம்பர் ஊசியைச் செருகி, சிரிஞ்சால் உறிஞ்ச வேண்டும். வைக்கோல் நிறத்தில் நீர் வரும். கொஞ்ச நேரம் நிற்க வைத்தால் அடியில் வண்டல் சேரும். அந்த வண்டலை மைக்ராஸ்கோப்புக்கு அடியில் ஊற்றினால், ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு அகலமுள்ள கரிய உருண்டைகள். ஒவ்வொன்றையும் சுற்றி மேகம் மாதிரி சின்னச் செல்களின் கூட்டம். அதற்குப் பெயரே க்யூமுலஸ். வானத்து மேகத்துக்கும் அதே பெயர்தான். மேகம் கலைந்துபோன மொட்டை முட்டைகளை ஒதுக்கிவிடுவார்கள். மூன்று அடுக்காவது செல் சூழ்ந்த முட்டைகளைத்தான் பொறுக்கி எடுத்து, ஐம்பது ஐம்பதாக அரை மில்லி வளர்ப்புத் திரவத்தில் விட்டு, 38.5 அல்லது 39 டிகிரியில், 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு கலந்த காற்றில் வைப்பார்கள். பன்றியின் உடம்புச் சூடு அதுதான்.

ஒரு நாள் கழித்துத் திறந்தால் மேகம் உப்பத் தொடங்கியிருக்கும். செல்களுக்கு நடுவே வெண்டைக்காய்க் கொழகொழப்பு மாதிரி ஒரு பசை சுரந்து, ஒன்றையொன்று தள்ளிவிட்டிருக்கும். பசையின் பெயர் ஹயலுரானிக் அமிலம். அழகு நிலையங்களில் உதட்டுக்கும் கன்னத்துக்கும் ஊசி போடுகிறார்களே, அதே சரக்கு. நாற்பத்து நான்காவது மணியில் மேகத்தை உரித்துவிட்டு முட்டையைப் பார்த்தால், ஓரத்தில் கடுகு ஒட்டியது மாதிரி ஒரு சின்ன உருண்டை. வேண்டாத பாதிக் குரோமோசோமை வெளியே தள்ளிவிட்டது என்பதற்கு அது அடையாளம். உட்கரு பழுத்துவிட்டது. உள்ளே காயா பழமா என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

திரவத்தில் என்ன இருக்கும் என்று கேட்டால் சித்த வைத்தியர்கூட அசந்துபோவார். சினைக் குதிரையின் ரத்தத்திலிருந்து ஒரு ஹார்மோன். கர்ப்பிணிப் பெண்ணின் சிறுநீரிலிருந்து இன்னொன்று. கன்றுக்கருவின் சீரம். பன்றியின் ஃபாலிக்கிளிலிருந்தே எடுத்த நீர், பத்தில் ஒரு பங்கு. ஒரு நாள் எடுத்த நீர் மாதிரி மறுநாள் எடுத்தது இருக்காது. போன வாரம் முப்பது பிளாஸ்டோசிஸ்ட் வந்ததே, இந்த வாரம் ஏன் பத்துகூட வரவில்லை என்று ஆராய்ச்சி மாணவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். கைப்பக்குவத்தை நம்பிய சமையல் இது. இப்படித்தான் 1989-இல் இத்தாலியின் பொலோன்யாவில் மத்தியோலி குழுவினர், ஃபாலிக்கிளின் செல்களையும் கூடவே வைத்து வளர்த்து, தட்டில் பழுத்து தட்டிலேயே கருத்தரித்த முட்டையிலிருந்து பன்றிக்குட்டிகளைப் பிறக்க வைத்தார்கள். சாத்தியம் என்று தெரிந்துவிட்டது. அடுத்த முப்பது வருடமும் அதை ஒழுங்குபடுத்துவதில்தான் போயிற்று.

முதல் மர்மம் விந்தணு பற்றியது. தட்டில் பழுத்த முட்டைக்குள் விந்தணு நுழைந்துவிடும். நுழைந்து அப்படியே கிடக்கும். நம் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கிய மூட்டை, கட்டவிழ்க்க ஆள் வராமல் கிடங்கிலேயே கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே கதை. விந்தணுவின் தலையில் தந்தையின் டி.என்.ஏ. கந்தகப் பிணைப்புகளால் இறுகக் கட்டிய மூட்டையாக வருகிறது. கட்டை அவிழ்க்க முட்டையிடம் குளுட்டதையோன் என்ற பொருள் போதுமான அளவு இருக்க வேண்டும். உடம்பில் பழுத்த முட்டை அதைச் சேமித்து வைத்திருக்கும். தட்டில் பழுத்ததிடம் இருப்பு குறைவு. 1993-இல் ஜப்பானைச் சேர்ந்த யோஷிதா குழுவினர் இதைக் கண்டுபிடித்து, சிஸ்டீன் என்ற கந்தக அமினோ அமிலத்தைத் திரவத்தில் சேர்த்தால் முட்டை தானே குளுட்டதையோன் தயாரித்துக்கொள்கிறது என்று காட்டினார்கள். மூட்டை பிரிந்தது.

1998-இல் அமெரிக்காவின் மிசூரி பல்கலைக்கழகத்தில் லலந்த அபேதீர, பெயரைப் பார்த்தாலே சிங்களப் பெயர் என்று தெரியும், இன்னொரு கந்தகப் பொருளைச் சேர்த்துப் பார்த்தார். மெர்காப்டோஎத்தனால். கேஸ் சிலிண்டர் கசிந்தால் மூக்கில் ஏறுகிறதே ஒரு நாற்றம், அந்த நாற்றத்துக்காகச் சமையல் வாயுவில் கலக்கும் பொருளின் பங்காளி இது. எண்ணூர், மணலி பக்கம் குடியிருக்கிறவர்களுக்கு நாற்றங்களின் குடும்ப மரம் மனப்பாடம். பாட்டிலைத் திறந்தால் உடனே இனம் கண்டுகொள்வார்கள். அந்த நாற்றப் பொருளில் துளியிலும் துளி சேர்த்ததில் முட்டையில் குளுட்டதையோன் கூடியது, பிளாஸ்டோசிஸ்ட்டும் கூடியது. அதே மிசூரிக் கூடத்தில் சீரம், ஃபாலிக்கிள் நீர் என்ற கைப்பக்குவச் சரக்குகளை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் பாலிவினைல் ஆல்கஹாலைப் போடவும் பழகினார்கள். ஒட்டுப் பசையில் சேருகிற பொருள். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருக்கும் என்பதுதான் அதன் மகத்துவம்.

பன்றி முட்டைக்கு இன்னொரு கெட்ட பழக்கம் உண்டு. ஒரு விந்தணு நுழைந்ததும் கதவைச் சாத்தத் தெரியாது. இரண்டு, மூன்று, ஐந்து என்று உள்ளே வந்து கருவைக் கெடுத்துவிடும். இதற்கு முழு மருந்து இன்றுவரை இல்லை. அதை இன்னொரு அத்தியாயத்துக்கு ஒதுக்கிவைக்கிறேன்.

நான் அதிகம் ரசிப்பது வேறொரு சோதனையை. மிசூரியில் ஃபுனஹாஷியும் பில்லி டேயும் 1993-இல் ஒன்றைக் கவனித்தார்கள். ஹார்மோனை இரண்டு நாளும் போட்டுவைப்பதைவிட, முதல் இருபது மணி நேரம் கொடுத்துவிட்டு எடுத்துவிட்டால் முட்டை நன்றாகப் பழுக்கிறது. 1997-இல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். முதல் இருபது, இருபத்திரண்டு மணி நேரம் முட்டையைப் பழுக்கவே விடாமல் பிடித்து வைக்கும் ஒரு பொருளைச் சேர்த்தார்கள். டைபியூட்டிரில் சைக்ளிக் ஏ.எம்.பி. என்று பெயர். பிறகு கழுவி எடுத்தார்கள். அந்த இடைவெளியில் சைட்டோபிளாசம் தன் வேலையைச் செய்துகொண்டது, உட்கரு காத்திருந்தது. இரண்டும் சேர்ந்து பந்தயம் முடித்தன. முட்டைகள் ஒன்றுக்கொன்று முன்பின் இல்லாமல் ஒரே நேரத்துக்குத் தயாராயின, பிளாஸ்டோசிஸ்ட்டும் கூடியது. பழுக்க வைப்பதற்கு வழி, முதலில் பழுக்கவிடாமல் தடுப்பது. பிங்கஸ் 1935-இல் முயலில் பார்த்த ஃபாலிக்கிளின் பிடியைத்தான் இவர்கள் அறுபது வருடம் கழித்துக் கண்ணாடித் தட்டில் செய்துகாட்டினார்கள். அந்தப் பிடியை உடம்பில் போடுவது எந்தப் பொருள் என்பது சுண்டெலியில் 2010-இல்தான் தெளிவாகத் தெரிந்தது. ஃபாலிக்கிள் சுவரின் செல்கள் சுரக்கும் சி.என்.பி. என்ற சின்னப் புரதம். அதைக் க்யூமுலஸ் மேகம் வாங்கிக்கொண்டு, 'இன்னும் இல்லை, இன்னும் இல்லை' என்று முட்டைக்குச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கிறது.

இடையில் ஒரு எண்ணெய்க் கதை. ஆய்வுக்கூடத்தில் வளர்ப்புத் திரவம் காய்ந்துவிடாமலிருக்க அதன்மேல் சுத்தமான மினரல் ஆயிலை ஒரு படலமாக ஊற்றி மூடுவது உலக வழக்கம். கச்சா எண்ணெயிலிருந்து வருகிற சரக்கு. திருவொற்றியூரில் மொட்டை மாடியில் படுத்தவர்களுக்கு மணலி சுத்திகரிப்பு ஆலையின் தீக்கொழுந்து தெரியும். 1969-இலிருந்து அந்த ஆலை ஓடுகிறது. நாம் தாளிக்கும் எண்ணெய் அல்ல, அந்தப் பரம்பரை எண்ணெய். பல வருடமாக யாரும் அதைச் சந்தேகப்படவில்லை. 2002-இல் ஜப்பானில் ஷிமாதா குழுவினர் எண்ணெய் ஊற்றியும் ஊற்றாமலும் பன்றி முட்டைகளை வளர்த்து ஒப்பிட்டார்கள். எண்ணெய்க்கு அடியில் இருந்தவை பழுக்கத் தாமதமாயின, தரமும் குறைந்தது. க்யூமுலஸ் செல்கள் சுரக்கும் ஸ்டீராய்டு ஹார்மோன்கள் எண்ணெயில் கரையும் சாதி. முட்டைக்காகச் சுரந்ததை மேலே கிடந்த எண்ணெய் குடித்துவிட்டது. காவலுக்கு வைத்தவனே கல்லாவில் கைவைத்த கதை.

இவ்வளவு பாடு எதற்கு? பன்றிக்குட்டிக்கா பஞ்சம்? காட்டுப்பாக்கம் பண்ணையில் வெண்பன்றி ஒரு ஈற்றில் எட்டு, பத்து குட்டி போடுகிறது, எந்த ஆய்வுக்கூடமும் இல்லாமலே.

பதில் எர்ணாவூரில் இருக்கிறது.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு வீடிழந்த மீனவக் குடும்பங்களை எர்ணாவூரில் குடியமர்த்தினார்கள். கடலை விட்டுத் தள்ளி, தொழிலை விட்டும் தள்ளி. 2007 தொடக்கத்தில் அங்கிருந்து வந்த செய்தி தமிழ்நாட்டையே உலுக்கியது. கடனுக்காகப் பெண்கள் பலர் தங்கள் சிறுநீரகத்தை விற்றிருந்தார்கள். தரகர்கள் சொன்ன தொகை ஒன்று, கைக்கு வந்தது வேறு. வடசென்னைக்கு இது புதுசும் அல்ல. வில்லிவாக்கத்துக்கு 'கிட்னிவாக்கம்' என்ற பட்டப்பெயர் அதற்கும் முன்பே விழுந்திருந்தது. உறுப்பு விற்பனையைத் தடுக்கும் சட்டம் 1994-இலேயே வந்துவிட்டது. சட்டம் இருந்தது, தேவையும் இருந்தது. பணமுள்ள நோயாளிக்குச் சிறுநீரகம் வேண்டும், எர்ணாவூர்ப் பெண்ணுக்குக் காசு வேண்டும்.

பன்றியின் சிறுநீரகமும் இதயமும் அளவில் மனிதனுடையதற்கு நெருக்கமானவை. ஆனால் மனித உடம்பு பன்றியின் உறுப்பை நிமிடக் கணக்கில் நிராகரித்துவிடும். முக்கியக் குற்றவாளி பன்றியின் செல்மேல் ஒட்டியிருக்கும் ஆல்ஃபா-கேல் என்ற சர்க்கரை. அந்தச் சர்க்கரையை ஒட்டும் ஜீனை நீக்க வேண்டுமானால், ஒரு செல்லில் நீக்கிவிட்டு, அந்தச் செல்லின் உட்கருவைக் காலியாக்கிய முட்டைக்குள் வைத்து முழுப் பன்றியாக வளர்க்க வேண்டும். குளோனிங். 2000 மார்ச்சில் முதல் குளோன் பன்றிகள் ஐந்து பிறந்தன. 2002-இல் மிசூரியில் ரேண்டல் ப்ரேதர் குழுவினர் அந்த ஜீனின் ஒரு பிரதியை நீக்கிய பன்றிகளைக் காட்டினார்கள். இத்தகைய ஒரு பன்றிக்கு நூற்றுக்கணக்கான முட்டை செலவாகும். உயிருள்ள பன்றியை அறுத்து அவ்வளவு முட்டை எடுக்க முடியாது. கசாப்புக்கூடத்து முட்டை நன்றாகப் பழுத்தால்தான் கட்டுப்படியாகும்.

2022 ஜனவரி 7 அன்று அமெரிக்காவில் மேரிலாந்தில் டேவிட் பென்னட் என்பவருக்கு, ஜீனில் பத்து மாற்றங்கள் செய்த பன்றியின் இதயத்தைப் பொருத்தினார்கள். இரண்டு மாதம் வாழ்ந்தார். 2024 மார்ச்சில் பாஸ்டனில் ரிக் ஸ்லேமனுக்கு 69 மாற்றங்கள் செய்த பன்றியின் சிறுநீரகம். அவரும் இரண்டு மாதத்தில் இறந்தார். பன்றிச் சிறுநீரகம் வந்துவிட்டால் எர்ணாவூரில் வியாபாரம் நின்றுவிடும் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அங்கே மூலகாரணம் சிறுநீரகப் பஞ்சம் மட்டும் அல்ல, கந்துவட்டியும்தான். ஆனால் பன்றி முட்டைக்கும் நம் கடற்கரைக்கும் என்ன சம்பந்தம் என்று இனி யாரும் கேட்க மாட்டார்கள்.

முட்டையைப் பழுக்க வைக்கும் வித்தையில் பெரிய பாய்ச்சல் 2017-இல், மறுபடி மிசூரியில். யே யுவான், ப்ரேதர், மைக்கேல் ராபர்ட்ஸ் முதலியோர் திரவத்தில் மூன்று புரதங்களைச் சேர்த்தார்கள். எஃப்.ஜி.எஃப்.2, எல்.ஐ.எஃப்., ஐ.ஜி.எஃப்.1. முதலெழுத்துகளைச் சேர்த்து எஃப்.எல்.ஐ. திரவம் என்று பெயர் வைத்தார்கள். மூன்றும் புதுக் கண்டுபிடிப்பு அல்ல. செல் வளர்க்கிற எந்தக் கூடத்திலும் ஃப்ரிட்ஜில் கிடப்பவைதான். புதுசு அந்தச் சேர்மானம். மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தபோது, பருவமடையாத குட்டிகளின் முட்டையிலிருந்து கிடைக்கும் பிளாஸ்டோசிஸ்ட் இரண்டு மடங்கானது. அந்தக் கருக்களைத் தாய்ப்பன்றியின் கருப்பையில் வைத்தபோது பிறந்த குட்டிகளும் இரண்டு மடங்காகி, ஈற்றுக்கு ஒன்பது என்ற சராசரியைத் தொட்டன. இரண்டையும் பெருக்கினால், எடுத்த முட்டைக்குக் கிடைத்த குட்டி நான்கு மடங்கு.

எப்படி என்று பார்த்தவர்கள் மேகத்தைத்தான் பார்த்தார்கள். க்யூமுலஸ் செல்கள் முட்டையின் தடித்த ஓட்டைத் துளைத்துக்கொண்டு, மயிரிழையிலும் மெல்லிய விழுதுகளை முட்டைவரை நீட்டி வைத்திருக்கின்றன. சாப்பாடும் சேதியும் அந்த விழுது வழியாகத்தான் போகும், 'இன்னும் இல்லை' என்ற அந்தச் சேதி உட்பட. எஃப்.எல்.ஐ. திரவத்தில் மேகம் முன்பைவிட அதிகமாக உப்பியது. விழுதுகள் சீக்கிரமாக அறுந்தன. தொப்புள்கொடியை எப்போது அறுப்பது என்று ஆர்.எஸ்.ஆர்.எம். நர்சம்மாவுக்குத் தெரிந்த கணக்கு, இங்கே முட்டைக்கும் மேகத்துக்கும் நடுவே இருக்கிறது. சாதாரணத் திரவத்தில் அந்த அறுப்பு இழுத்துக்கொண்டே போயிருக்கிறது.

அந்தத் தண்டையார்பேட்டைப் பையன் இப்போது நரைத்துப்போன கால்நடை டாக்டர். போன மாதம் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். எஃப்.எல்.ஐ. பற்றியும் நாலு மடங்கு பற்றியும் சொன்னேன். பந்தியில் பாயசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டான்.

"எல்லாம் சரிண்ணா. ஓவரிய எதுல எடுத்தாந்தாங்களாம்?"

"சுடு உப்புத் தண்ணியிலதான்."

"அட, ஃபிளாஸ்க்கு மட்டும் மாறல" என்றான். சந்தோஷமாக இருந்தது அவனுக்கு.

அடுத்த வாரம் கௌஹாத்தி பக்கம் சோனாப்பூருக்குப் போகிறோம். 1997 ஜனவரியில், ஜீன் திருத்தம் எதுவும் செய்யாத பன்றியின் இதயத்தை ஒரு மனிதருக்குப் பொருத்திவிட்டுச் சிறைக்குப் போன டாக்டர் தனிராம் பருவாவைப் பார்க்க.

(தொடரும்)